இந்தியாவில இருக்கிற எங்கட ஆக்கள்: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமலை என்கிற திருகோணமலையில், கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் ஒரு போட்டோகொப்பி மெசினையும் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளையும் வைத்துக்கொண்டு படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். பிறப்புப் பதிவு, காணிக் கடிதம், குடியுரிமை விண்ணப்பம் எல்லாம் வரும். வருகிறவர்களில் கனபேருக்கு இந்தியாவில் முகாமில் ஒரு அக்காவோ சித்தப்பாவோ இருப்பார்கள், அல்லது தாங்களே அங்கிருந்து வந்திருப்பார்கள். படிவம் நிரம்புவதற்குள் அவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்தேன். ஒரே கேள்வி பத்துத் தடவை வந்தபிறகு எழுதிப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் போனாங்க அண்ணே? எல்லாரும் 83ல போனவங்களா?

இல்லை. நாலு அலையாகப் போனார்கள். 1983 ஜூலை தொடங்கி 1987 ஜூலை வரை சுமார் 1,34,000 பேர். 1989க்குப் பிறகு, முக்கியமாக 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது, இன்னும் 1,22,000 பேர். 1996 முதல் 2003 வரை சுமார் 22,000 பேர். நாலாவது அலை 2006 ஜனவரியில். எல்லாம் கூட்டினால் 3 லட்சம் வரும். போனவர்களில் பலர் திரும்பினார்கள், சிலர் திரும்பி வந்து மறுபடி போனார்கள், ஆகவே ஒரே ஆள் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கவும் கூடும்.

நாலாவது அலையில் எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2006ல் திருமலை நகரத்தில் நடந்த வன்முறை, பிறகு மாவிலாறு, மூதூர், சம்பூர்ச் சண்டைகள். இங்கிருந்து நேரே படகு கிடையாது. பஸ்ஸில் மன்னார் போய், ராத்திரிப் படகேறி, தனுஷ்கோடிப் பக்கத்து மணல் திட்டில் இறங்கினார்கள். 2021ல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,000க்கு மேல், வெளியில் பதிவோடு இருப்பவர்கள் 34,000.

இந்தியா எங்களை அகதி எண்டு ஏத்துக்கொண்டதா இல்லையா? ஒருத்தர் ஓம் எண்டுறார், ஒருத்தர் இல்லை எண்டுறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இலங்கையும் இடவில்லை. இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் முகாமில் இருப்பவர், கடவுச்சீட்டு இல்லாமல் வந்த வெளிநாட்டவர். அவ்வளவுதான்.

ஆனால் நடைமுறையில் முகாம் உண்டு, அரிசி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. மாதக் கொடுப்பனவு 2021ல் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500 இந்திய ரூபாயாகக் கூட்டப்பட்டது. அந்த வருடம்தான் முதலமைச்சர் ஸ்டாலின் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தார். அதேநேரம் தமிழ்நாட்டு உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் பொலிஸின் பதிவேடும், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற கட்டுப்பாடும் முகாம் வாழ்க்கையோடு சேர்ந்தவை.

இந்த ஒரு பதிலை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மிச்சத்தில் பாதி விளங்கிவிடும். சட்டத்தில் உரிமையாக எழுதிவைக்காத ஒன்று, இரண்டு அரசாங்கங்களின் அன்றைய மனநிலையில்தான் நிற்கும். உறவு நன்றாக இருந்தால் ஒரு மாதிரி, கெட்டால் இன்னொரு மாதிரி.

மண்டபம் முகாம் எங்கட ஆக்களுக்காகக் கட்டினதுதானே?

இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்கு இலங்கைக்கு வரும் கூலியாட்களை நோய் இருக்கிறதா என்று பார்த்துத் தடுத்து வைத்த இடம் அது. இங்கே வருவதற்காகக் காத்திருந்தவர்களுக்குக் கட்டியது, இங்கிருந்து ஓடிப்போனவர்களுக்கு உதவியது.

83ல இந்தியா இதுக்குள்ள வந்தது பாசத்திலயா, அரசியலா?

“இரண்டும்” என்றால் நழுவுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை. இது எங்கள் உள்நாட்டுப் பிரச்சினை என்றது கொழும்பு. ஆட்கள் எங்கள் கரையில் வந்து இறங்குகிறார்கள், பிறகு எப்படி உங்கள் உள்நாட்டுப் பிரச்சினை என்றது டெல்லி. அகதிதான் டெல்லிக்குப் பேச வாய் கொடுத்தான். 1983 ஜூலை முடிவதற்குள் வெளிநாட்டமைச்சர் நரசிம்மராவ் கொழும்பில் இறங்கினார். பிறகு ஜி. பார்த்தசாரதி தூதுவராக வந்து போனார். 1985ல் பூட்டானின் திம்புவில் பேச்சு நடந்தது.

மற்றப் பக்கம், அது பனிப்போர்க் காலம். ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு அமெரிக்காவோடு நெருக்கம், எங்கள் துறைமுகம் யார் கைக்குப் போகும் என்ற கவலை டெல்லிக்கு. முகாம்கள் இருந்த அதே தமிழ்நாட்டில் ஆயுத இயக்கங்களுக்குப் பயிற்சியும் நடந்தது. அகதியும் இயக்கப் பொடியனும் ஒரே படகில்தான் வருகிறார்கள் என்ற கொழும்பின் சந்தேகம் அன்று பிடித்தது. 1987 ஜூன் 4ல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதி போட்டதை ‘பருப்புப் போட்ட கதை’ என்று இன்றும் சொல்கிறோமே, அது இந்த இழுபறியின் உச்சம்.

87 ஒப்பந்தத்தில அகதிகளைப் பற்றி உண்மையாவே ஏதும் இருக்கா? எல்லாரும் 13ஐப் பற்றித்தான் கதைக்கிறாங்க.

13 என்பது அந்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தம். அகதிகளைப் பற்றியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இரண்டு இடத்தில். 1987 ஜூலை 29ல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கொழும்பில் ஒப்பமிட்ட அந்தப் பத்திரம் சில பக்கம்தான், எவரும் வாசிக்கலாம். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும், கிழக்கில் ஒரு மக்கள் தீர்ப்பு வைத்து நிரந்தரமா என்று முடிவெடுக்கலாம், வன்முறையால் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதில் வாக்குண்டு, அவர்கள் திரும்புவதற்கான நிலைமை உண்டாக்கப்படும் என்பது ஒன்று. இந்த வரி நேராக எங்களைப் பற்றியது. திருமலையில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்பதை வைத்துத்தான் அந்தத் தீர்ப்பே இருந்திருக்கும். வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. இணைந்த மாகாணத்தின் தலைநகராகத் திருமலை இருந்தது, 2006 அக்டோபரில் இலங்கையின் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது.

இரண்டாவது, 2.16 என்ற பிரிவு. இலங்கையில் இருக்கும் இந்தியப் பிரஜைகளை இந்தியா விரைவாக அழைத்துக்கொள்ளும், அதே சமயத்தில் தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திருப்பி அனுப்பப்படுவார்கள். முதல் தடவை வாசித்தபோது எனக்குப் பண்டமாற்று மாதிரித்தான் பட்டது. அதன்படி 1987 டிசம்பர் முதல் 1989 ஆகஸ்ட் வரை 25,000க்கு மேற்பட்டோர் திரும்பினார்கள். ஆனால் 1987 அக்டோபரிலேயே, ஒப்பந்தத்தோடு இங்கே வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. 1990 மார்ச் 24ல் அந்தப் படையின் கடைசி அணி எங்கள் துறைமுகத்தில்தான் கப்பலேறியது. மூன்று மாதத்தில் அடுத்த யுத்தம், அடுத்த படகு.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்கும் அகதிக்கும் என்ன சம்பந்தம்? நீங்க எல்லாத்தையும் முடிச்சுப் போடுறீங்க.

நான் போடவில்லை, அவர்கள் போட்டார்கள். மேலே சொன்ன ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் கடிதமும் மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுப்பதில்லை, எங்கள் துறைமுகத்தோரம் சீனன்குடாவில் உள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து திருத்தி நடத்துவது என்று அதில் இருக்கிறது. அகதி ஒப்பந்தத்தில், தாங்கி கடிதத்தில், ஒரே நாள், ஒரே கை.

பிறகு இரண்டும் வேறு வேறு வேகத்தில் போயின. 2003ல் இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளை வந்தது. 2022 ஜனவரியில் 99 தாங்கிகளையும் பிரித்து எழுதினார்கள்: அந்தக் கம்பனிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. ஒவ்வொரு தாங்கிக்கும் இலக்கம் இருக்கிறது, 1942ல் ஜப்பான் விமானம் விழுந்து எரிந்த தாங்கிக்கும் 91 என்று இலக்கம் இருக்கிறது. திரும்பி வர வேண்டியவர்களைப் பற்றி இரண்டு நாடும் இப்படி இலக்கம் போட்டு எழுதிய ஒரு உடன்படிக்கையை நான் காணவில்லை.

92ல அனுப்பினது விருப்பத்தோடதானே? கையெழுத்து வாங்கினாங்களே.

கையெழுத்து வாங்கினார்கள். 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எங்கள் ஆட்களுக்கு முகம் கொடுத்துக் கதைக்கவே ஆளில்லை. வாடகை வீட்டை விடச் சொன்னார்கள், முகாம் கெடுபிடி கூடியது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்புவது தொடங்கியது. இது விருப்பமா என்ற கேள்வி வெளியில் எழுந்ததால், அந்த வருடமே ஐ.நா. அகதிகள் நிறுவனம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களைக் கேட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. 1995 வரை சுமார் 54,000 பேர் திரும்பினார்கள்.

என் சின்னம்மா அதில் ஒருத்தி. “இங்க இருக்க ஏலாது, அங்க போக ஏலாது, கையெழுத்து எந்தப் பக்கம் வைக்க?” என்று கேட்டாராம். வந்து இறங்கியும் ஊருக்குப் போக முடியவில்லை. அலஸ்தோட்டத்தில் கிடுகுக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார். இந்தியாவிலும் முகாம், இங்கேயும் முகாம். விருப்பமா கட்டாயமா என்று என்னைக் கேட்டால், கட்டாயம் என்றுதான் சொல்வேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவ்வளவே.

மலையகத்து ஆக்களும் முகாமில இருக்காங்களாம். அவங்க இந்தியர்தானே, பிறகு ஏன் முகாம்?

இது எல்லாவற்றிலும் சிக்கலானது. மலையகத்தவர் தோட்ட வேலைக்கு வந்த இந்தியத் தமிழரின் வழிவந்தவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தப் பங்கு முடியும் முன்னே, கலவரங்களில் அடி வாங்கி வன்னிக்கும் திருமலைக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அவர்கள் 83க்குப் பிறகு எங்களோடு படகேறினார்கள். முன்னைய ஒப்பந்தப்படி கப்பலில் போனவர் இந்தியப் பிரஜை, அவருடைய தம்பி படகில் போனால் அகதி.

இங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்தவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுத்தது, 2009ல் திருத்தம் செய்து இந்தியாவுக்குத் தப்பிப் போனவர்களையும் சேர்த்தது. அங்கே 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பத்தை வெறும் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளாமல் பரிசீலிக்கச் சொன்னது.

தமிழ்நாடு சத்தம் போட்டா டெல்லி கேக்குமா?

கூட்டணி தேவைப்படும்போது கேட்கும். ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், 2009ல் இந்தியா இலங்கையின் பக்கம் நின்றது. 2012லும் 2013லும் எதிராக வாக்களித்தது. அந்த 2013 மார்ச்சில்தான் தி.மு.க. மத்திய அரசை விட்டு வெளியேறியது, நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வரவில்லை. 2014ல் வாக்களிக்காமல் ஒதுங்கியது, 2021லும் 2022லும் அப்படியே. தேர்தல் கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் விளக்கத் தேவையில்லை.

சம்பூர் ஆக்கள் இந்தியாவில, இந்தியாக் கம்பனி சம்பூரில. இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கடற்கரைச்சேனைக்காரர், கேட்டுவிட்டுச் சிரித்தார். 2006 செப்டம்பர் தொடக்கத்தில் சம்பூர் படையினர் கைக்குப் போனது. சனம் மட்டக்களப்புக்கு ஓடி, பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்தது, சிலர் மன்னார் வழியாக அக்கரைக்குப் போனார்கள். அந்த வருடக் கடைசியிலேயே இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அங்கே நிலக்கரி மின்நிலையம் கட்டுவதென உடன்பட்டார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது.

2015ல் காணி விடப்பட்டது, முதலீட்டு வலயத்துக்கு எடுத்த 818 ஏக்கர் அதில் பெரிய துண்டு. 2016ல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அதே இடத்தில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், 2025 ஏப்ரல் 5ல் மோடியும் அனுர குமாரவும் கொழும்பிலிருந்தே தொடக்கி வைத்தார்கள். புகை இல்லாதது நல்லதுதான். ஆனால் எங்களூரில் ஒரு கல் நடப்படும்போது, அந்தக் காணிக்கு உரியவர் மண்டபத்தில் இருக்கிறாரா என்று இரண்டு பக்கமும் கேட்டதாக நான் அறியவில்லை.

பிள்ளை முகாமில பிறந்தது. இந்தியனா, இலங்கையனா?

பிறந்த தேதியைச் சொல்லுங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் இந்தியச் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியர், முகாம் என்றாலும் சரி. அதற்குப் பின் என்றால் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. நம்மவர்கள் இரண்டாவது பதிலில் சொன்னபடி அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

இலங்கைக் குடியுரிமை தானாக ஒட்டாது. தாயோ தகப்பனோ இலங்கையராக இருந்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பதியாமல் வந்துவிட்டால் இங்கே குடிவரவுத் திணைக்களத்தில் அலைச்சல். பேரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திரும்ப வா என்பார்கள். போன வருடம் ஒரு பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் வந்தது. தகப்பன் “ஊர் திருமலை” என்று சொல்லியிருக்கிறார், எழுதியவர் ‘திருவண்ணாமலை’ என்று போட்டிருக்கிறார். அந்த மூன்று எழுத்தை வெட்டச் சத்தியக் கடதாசி, தாயின் பிறப்புச் சாட்சி, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் என்று எட்டு மாதம் போனது.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் எண்டு பெரிசாக் கதைச்சாங்களே, அதில எங்களுக்கு ஒண்டும் இல்லையா?

இல்லை. 2019ல் வந்த அந்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். எங்களில் இந்துவும் உண்டு கிறிஸ்தவரும் உண்டு, ஆனால் இலங்கை பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சின்னச் சலுகை வந்தது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனை இல்லை. இருக்கலாம் என்று அர்த்தம். குடியுரிமை என்று அர்த்தமில்லை, சிலர் அப்படி எடுத்துக்கொண்டு இனிப்பு வாங்கினார்கள்.

திரும்பி வந்தா எயார்போட்டில பிடிப்பாங்களா? பலாலியில பிடிச்சாங்களே.

பிடித்தார்கள். 2025 மே கடைசியில், ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு வந்த எழுபது வயது தாண்டிய ஒருவரை, முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று கைது செய்தார்கள். உயிரைக் காக்கப் படகேறியவர் எந்தக் கவுண்டரில் முத்திரை குத்தியிருப்பார்? எதிர்ப்பு வந்ததும் அவர் விடப்பட்டார், அந்த நிறுவனம் திருப்பி அனுப்பும் வேலையைக் கொஞ்சக் காலம் நிறுத்தியது. சட்டம் தானாக வேலை செய்துவிட்டது, மாற்றுவோம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார்.

ஆகவே சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டியது: திரும்பவும் படகில் வராதீர்கள். துணைத் தூதரகத்தின் பயணப் பத்திரம், இந்திய வெளியேறும் அனுமதி, ஐ.நா. அலுவலகப் பதிவு மூன்றும் கையில் இருக்கட்டும், டிக்கெட் போடும் முன் அன்றைய நிலைமையைக் கேளுங்கள்.

வந்து பாத்தா காணியில வேற ஆள் வீடு கட்டி இருக்கு. பத்து வருஷம் இருந்தா அவங்களுக்குத்தானாமே?

தனியார் உறுதிக் காணியில் பத்து வருட ஆட்சி என்ற வாதம் உண்டுதான். அதற்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது: யுத்தத்தால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை வழக்குப் போட முடியாமல் போனவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டத்தைப் பிடித்து வழக்குப் போடக் காலக்கெடு இருந்தது, முகாமில் இருந்த பலருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. பெர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி, வேறு கதை. அது பிரதேச செயலகத்தின் கோவையோடு சம்பந்தப்பட்டது, வழக்கறிஞரிடம் போக முன் அந்தக் கோவை இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் கோவையும் இடம்பெயர்ந்துவிட்டது.

அங்கிள், இங்க தாலுகா ஆபீஸ் எங்க இருக்கு?

இதைக் கேட்டது இருபது வயதுப் பிள்ளை, வந்து ஒரு மாதம். பக்கத்துக் கதிரையில் இருந்த கிழவி “இவ எந்த ஊர்?” என்று என்னிடம் கேட்டார். பிள்ளையின் அம்மா நிலாவெளி. இதே கேள்வி பிறகும் பல தடவை வந்ததால் எழுதுகிறேன்: இங்கே தாலுகா இல்லை, பிரதேச செயலகம். வி.ஏ.ஓ.வைத் தேடாதீர்கள், கிராம அலுவலர், வயதானவர்கள் விதானையார் என்பார்கள். ஆதார் இல்லை, அடையாள அட்டை. பட்டா என்று கேட்டால் முழிப்பார்கள், உறுதியா பெர்மிற்றா என்று கேளுங்கள். நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச செயலகம், நகரத்துக்குள் வந்து நிற்க வேண்டாம். காலையிலேயே போங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு.